தீராத வாயு

காரின் குளிர்சாதனம் சரியாகக் குளிர்விக்காதபோது நாம் எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “கேஸ் தீர்ந்துபோச்சு.” சென்னையில் மார்ச் மாதம் பிறந்ததும் “ஏ.ஸி.க்கு கேஸ் அடிக்கணும்” என்று பட்டறைக்குப் போவது கிட்டத்தட்ட ஒரு பருவச் சடங்கு. சமையலறை சிலிண்டரிலிருந்து இந்த வினைச்சொல் காருக்கு இடம்பெயர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் ‘கேஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டதால் இரண்டும் ஒரே மாதிரி தீரும் என்று நம் மொழி நம்மை நம்ப வைத்துவிட்டது. சமையலறையில் இருப்பது எரிபொருள். எரிகிறது, ஆகவே தீர்கிறது. காரில் இருப்பது எரிவதில்லை, தேய்வதில்லை, செலவாவதில்லை. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. அளவு குறைந்திருக்கிறது என்றால் அதற்கு ஒரே பொருள்தான்: எங்கோ ஓட்டை இருக்கிறது.

இந்த எளிய உண்மை பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வண்டி வைத்திருப்பவர்களில் மிகச் சிலருக்கே தெரியும். இந்த இடைவெளியில் ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது.

அமெரிக்காவில் அந்த வியாபாரம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. நான் வசிக்கும் டாலஸின் வடக்குப் புறநகரில் எந்த உதிரிபாகக் கடைக்குள் நுழைந்தாலும், மே மாதம் தொடங்கிவிட்டால், வாசலருகிலேயே கோபுரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம், ஆர்-134ஏ வாயு அடைத்த டின்கள். மேலே பனிப் படிகங்களின் படம். சிலவற்றோடு ஒரு குட்டிக் குழாயும், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டிய ஓர் அழுத்தமானியும் சேர்ந்தே வரும். பத்து நிமிடத்தில் நீங்களே செய்துகொள்ளலாம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். பத்து நிமிடத்தில் செய்துகொள்ளலாம் என்பது உண்மைதான். எதைச் செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

2023ஆம் ஆண்டுக் கோடையில் இந்தக் கேள்வியை நான் சற்றுத் தீவிரமாகக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அம்மா ஆறு மாதம் எங்களுடன் இருக்க வந்திருந்தார். வயது எழுபத்தாறு. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை ஒன்றைத் தினமும் காலையில் எடுத்துக்கொள்பவர். டெக்ஸாஸில் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்குப் பேத்தியை அழைத்துவர நான் கிளம்பும்போது தானும் வந்தே தீருவேன் என்பார். அந்த நேரத்தில் பள்ளி வாசலில் கார்கள் வால் நீண்டு நிற்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், வண்டி நகராது. முப்பது, முப்பத்தைந்து நிமிடம். வெளியே நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாத வெயில். 2011ஆம் ஆண்டு மாடலான என் பழைய ஜப்பானியக் கார் நெடுஞ்சாலையில் போகும்போது ஓரளவு குளிர்ந்தது. அந்த வரிசையில் போய் நின்றதும் வெதுவெதுப்பான காற்றை ஊதத் தொடங்கியது.

அம்மா குறை சொல்லவில்லை. “திருநவேலி வெயிலப் பாத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வெயிலாய்யா?” என்று சிரித்துக்கொண்டார். முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். முதுமையின் அபாயங்களில் இது ஒன்று. வெப்பமும் தாகமும் உடலுக்கு உறைப்பது வயதாக ஆகக் குறைந்துவிடுகிறது. ஆள் தாங்கிக்கொள்கிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே நீர் வற்றிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பேத்தி ஓடிவந்து கதவைத் திறந்து “ஆச்சி” என்று கூப்பிட்டபோது, அவர் சில கணங்கள் அவளை யாரென்று தெரியாதவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுதாரித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட மோர் குடித்துப் படுத்தவர் மாலையில் எழுந்து வழக்கம்போலப் பேசினார். எனக்குத்தான் அந்தப் பார்வை மறக்கவில்லை.

மறுநாள் வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அரை மணி நேரத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். கம்ப்ரஸர், கண்டென்ஸர், விரிவு வால்வு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், 1,900 டாலர். வண்டியையே விற்றால் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஓட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ‘சிஸ்டம் பழையது’ என்ற பதில் வந்தது. எனக்கும்தான் வயதாகிறது. அதற்காக என் இதயம், நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் ஒரே நாளில் மாற்ற எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

இனி இந்த யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம். கம்ப்ரஸர் வாயுவை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட வாயு கடும் சூடாகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் அந்தச் சூட்டை வெளிக்காற்றிடம் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகிய துளை வழியாகப் பாய்ந்து, அழுத்தம் சட்டென்று குறைந்த நிலையில், டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் எவாப்பரேட்டருக்குள் கொதிக்கிறது. ஆம், கொதிக்கிறது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஆர்-134ஏ சைபருக்குக் கீழே 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கத் தேவையான வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து உறிஞ்சுகிறது. நாம் குளிர் என்று அனுபவிப்பது வேறொன்றின் கொதிநிலையை. கொதித்து ஆவியானது மறுபடி கம்ப்ரஸருக்குப் போகிறது. இந்தச் சுற்றில் எங்குமே ‘தீர்வதற்கு’ இடமில்லை என்பதைக் கவனிக்கலாம்.

குளிர் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது வாயுவையே அல்ல. கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் காற்று வடிகட்டியை உருவிப் பார்த்தேன். ஓக் மரத்தின் சருகுகளும் தூசியும் மெத்தைபோல அப்பியிருந்தன. மாற்றியதும் காற்றின் வேகம் கூடியது, குளிர் கூடவில்லை. அடுத்தது கண்டென்ஸர் மின்விசிறி. வண்டி ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சூடானால் முதல் சந்தேகம் அதன்மீதுதான் விழ வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே வேலையைச் செய்துவிடும், நிற்கும்போது விசிறி சுழன்றாக வேண்டும். சுழன்றது. சூட்டுக்காற்றையும் குளிர்காற்றையும் கலக்கும் உள்மடலும் ஒழுங்காகவே நகர்ந்தது. அதன்பின் பானட்டைத் திறந்து வைத்து கம்ப்ரஸரின் முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கிளட்ச் ‘டக்’கென்று ஒட்டுவதும் சில விநாடிகளில் விலகுவதும் மறுபடி ஒட்டுவதுமாக இருந்தது. அழுத்தம் மிகவும் குறைந்தால் கம்ப்ரஸரைக் காப்பாற்ற ஒரு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். நின்றதும் அழுத்தம் கொஞ்சம் ஏறும், மறுபடி ஓடும். திக்கித் திக்கிப் பேசும் இந்த கம்ப்ரஸரிடம் பெரும்பாலும் வாயு குறைந்திருக்கும்.

அளந்து பார்க்க வேண்டும். டின்னோடு வரும் வண்ண அழுத்தமானியால் அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது தாழ் அழுத்தப் பக்கத்தை மட்டுமே காட்டும். கம்ப்ரஸர் ஓடாத நேரத்தில் இரு பக்க அழுத்தமும் சமமாகி முள் மேலே ஏறிவிடும். உள்ளே வாயுவே சரியாக இல்லாத வண்டியில்கூட அது ‘அதிகம்’ என்று சிவப்பைக் காட்டக்கூடும். கம்ப்ரஸர் தேய்ந்து அழுத்த முடியாமல் போயிருந்தாலும் தாழ் பக்கம் உயர்ந்தே நிற்கும். இரு பக்கத்தையும் ஒருசேரப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர முடியாது. அதற்கு நீலம், சிவப்பு என இரண்டு மானிகள் கொண்ட கருவி வேண்டும். இங்கே உதிரிபாகக் கடைகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு அதை இரவல் தருவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பிவிடும். நான் அமெரிக்க வாழ்வில் மனமாரப் பாராட்டும் சில ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

அதிகாலையில், எஞ்சினைத் தொடாமல், முதல் அளவை எடுத்தேன். வெளி வெப்பம் 27 டிகிரி செல்சியஸ். இங்கே ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. மூடிய இடத்தில் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது, அளவைச் சார்ந்ததல்ல. 27 டிகிரியில் ஆர்-134ஏ சுமார் 88 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். உள்ளே நானூறு கிராம் இருந்தாலும் இருநூறு கிராம் இருந்தாலும் அதே 88தான். அதற்குக் கீழே இறங்கினால் திரவமே மிச்சமில்லை, வெறும் ஆவிதான் என்று பொருள். என் மானி 58 காட்டியது. எஞ்சினை ஓடவிட்டபோது உயர் பக்க முள்ளும் எழும்ப வேண்டிய உயரத்துக்கு எழும்பவில்லை. ஆனால் கிளட்ச் ஒட்டும் ஒவ்வொரு முறையும் தாழ் பக்கம் வேகமாகச் சரிந்து உயர் பக்கம் ஏறியது. கம்ப்ரஸருக்கு இழுக்கவும் அழுத்தவும் வலு இருக்கிறது, அழுத்துவதற்குச் சரக்குதான் இல்லை. பட்டறைத் தாளின் பெரும்பகுதித் தொகை அந்த கம்ப்ரஸருக்குத்தான் போடப்பட்டிருந்தது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். அழுத்தத்தைப் பார்த்து வாயுவின் அளவைச் சொல்ல முடியாது. அதனால்தான் பானட்டுக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் சிறு சீட்டில் நிரப்ப வேண்டிய அளவைக் கிராமில் அச்சிட்டிருக்கிறார்கள். என் வண்டிக்கு 450 கிராம். சரியான முறை என்பது இருப்பதை யந்திரத்தால் முழுக்க உறிஞ்சியெடுத்து, வெற்றிடமாக்கி, ஈரம் போன பிறகு, எடை பார்த்து நிரப்புவது. டின்காரர் சொல்வது, முள் பச்சைக்கு வரும்வரை ஊற்றுவது. ஒன்று மருந்துக் கடைத் தராசு, மற்றது கண் திட்டம்.

நிற்க. இந்த வாயுக்களின் வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. ஆரம்பகாலக் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்ஸைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. கசிந்தால் ஆளைக் கொல்லும். எரியாத, நச்சில்லாத, எதனோடும் வினைபுரியாத ஒன்றைத் தேடி, 1920களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸுக்காக தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் கண்டடைந்ததுதான் ஆர்-12, ஃப்ரியான். பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கக் காரணமானவரும் இதே மிட்ஜ்லிதான். 1940இல் பேக்கார்ட் நிறுவனம் முதன்முதலாகக் காரில் குளிர்சாதனத்தைப் பொருத்தி விற்றது. அதை நிறுத்த வேண்டுமென்றால் எஞ்சினை அணைத்து, இறங்கி, பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். எதனோடும் வினைபுரியாத அந்தக் குணமே பிற்பாடு வினையாயிற்று. கசிந்த வாயு கீழே சிதையாமல் மேலே போய்ச் சேர்ந்தது. அது ஓசோனைத் தின்னும் என்று 1974இல் மோலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் படலம் மெலிந்திருப்பது வெளிவந்தது. 1987இல் மாண்ட்ரியால் ஒப்பந்தம். அதன்பின் கார்களுக்கு வந்ததுதான் ஆர்-134ஏ. ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கரியமில வாயுவைப்போல 1,430 மடங்கு. காற்றில் கலந்தால் சுமார் பதினான்கு ஆண்டுகள் தங்கும். காருக்குள்ளும் தீராது, வெளியே போனாலும் சீக்கிரம் தீராது.

நான் அந்த வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டின் 340 கிராம். அது கசிந்து போனால் ஏறத்தாழ 486 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு காலன் பெட்ரோல் எரிந்தால் வெளிவருவது சுமார் 8.9 கிலோ. ஆக ஒரு டின் என்பது ஏறத்தாழ 55 காலன் பெட்ரோல். ஓட்டை உள்ள வண்டிக்கு ஆண்டுதோறும் ஒரு டின் வாங்கி ஊற்றுபவர் அதைத் தன் காருக்குள் ஊற்றவில்லை, வானத்துக்குள் ஊற்றுகிறார். டின்னின் முகப்பில் பனிப் படிகத்துக்குப் பதிலாக இந்தக் கணக்கைப் போடலாம். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு டின்னுக்கும் பத்து டாலர் முன்பணம் வாங்குகிறார்கள். காலி டின்னைத் திருப்பிக் கொடுத்தால்தான் அது கிடைக்கும். 2018 முதல் நாடு முழுவதும் சிறு டின்களில் தானே மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயமாயிற்று. இரண்டு பவுண்டுக்கு மேற்பட்ட கலன்களைச் சான்றிதழ் பெற்றவர்களே வாங்க முடியும். ஆனால் ஓட்டையை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதை இவை எதுவும் தடுப்பதில்லை.

கணக்கு ஒருபுறம், பள்ளி வரிசையில் அம்மாவின் கண்களில் நான் கண்ட வெறுமை மறுபுறம். ‘நீங்கள் வீட்டிலேயே இருங்கள்’ என்று சொல்லிவிட்டிருக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எழுத்துக் கூட்டி ஆங்கிலப் பலகைகளைப் படிக்கத் தெரியாத, நடந்து போகக் கடையில்லாத புறநகரில், பகல் முழுதும் திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும் ஒருவருக்கு அந்த அரைமணிப் பயணம் என்ன என்பது, பெற்றோரை இங்கே வரவழைத்தவர்களுக்குத் தெரியும். அதை எடுத்துவிடும் எண்ணம் எனக்கில்லை.

ஒரே ஒரு டின் வாங்கினேன். ஓட்டையை ‘அடைக்கும்’ பசை கலந்த டின் வேண்டாம் என்று ஒதுக்கினேன். அந்தப் பசை பிற்பாடு பட்டறையின் உறிஞ்சு யந்திரத்துக்குள் போய்ப் பாழ்படுத்தும் என்பதால் பல பட்டறைக்காரர்கள் அத்தகைய வண்டியைத் தொடவே மறுப்பார்கள். நான் வாங்கியது புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயம் கலந்தது. கண்ணாடி, கையுறை இரண்டும் அவசியம், வாயு தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். குழாய் தாழ் பக்கத்தில் மட்டுமே பொருந்தும்படி இரண்டு முனைகளையும் வெவ்வேறு அளவில் செய்திருக்கிறார்கள். உயர் பக்கத்து அழுத்தம் டின்னுக்குள் திரும்பினால் டின் வெடிக்கும். குழாயில் இருந்த காற்றை ஒரு நொடி வெளியேற்றிவிட்டு, எஞ்சின் ஓட, டின்னை நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினேன். கவிழ்த்தால் திரவமாகவே போய் கம்ப்ரஸரை அடிக்கும். இடையிடையே டின்னைக் கழற்றிச் சமையலறைத் தராசில் எடை பார்த்தேன். அம்மா மாவு நிறுக்கும் தராசு. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “காத்தப் போயி நிறுத்துப் பாக்கியேப்பா” என்றார். 280 கிராம் உள்ளே போனதும் நிறுத்திக்கொண்டேன். மானியின் முள் ‘இன்னும் கொஞ்சம்’ என்றுதான் ஆசை காட்டியது. அளவுக்கு மேல் போனால் குளிர் கூடாது, குறையும். உயர் பக்க அழுத்தம் ஏறி கம்ப்ரஸர்தான் திணறும். நடுக் காற்றுவாயிலில் வைத்த வெப்பமானி 24 டிகிரியிலிருந்து 11க்கு இறங்கியது. கிளட்ச் திக்குவது நின்றது.

அது சிகிச்சை அல்ல, அவகாசம் மட்டுமே என்று தெரிந்துதான் செய்தேன். அடுத்த எட்டு நாளும் இரவில், மஞ்சள் கண்ணாடி அணிந்து, ஊதா விளக்கோடு பானட்டுக்குள் தேடினேன். இணைப்பு வளையங்கள், வால்வு ஊசிகள், கம்ப்ரஸரின் அச்சு முனை, எவாப்பரேட்டரின் நீர் வடியும் குழாய் என்று ஒவ்வொன்றாக. எதிர்வீட்டு அமெரிக்கர் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். எட்டாம் நாள் இரவு கண்டென்ஸரின் கீழ் மூலையில், பம்பரின் சல்லடைக்குப் பின்னால், மின்மினி அப்பியதுபோல ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. நெடுஞ்சாலையில் எப்போதோ தெறித்த கல். சல்லடைக்கு வெளியே துடைத்தால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது.

கண்டென்ஸரைக் கழற்ற வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் வாயுவை முதலில் வெளியேற்ற வேண்டும். வால்வை அழுத்திக் காற்றில் விட்டுவிடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். எவரும் பார்க்கப் போவதில்லை என்பது வேறு. உறிஞ்சியெடுக்கும் யந்திரம் என்னிடமில்லை. இந்த இடத்தில் வீட்டு வேலை முடிந்துவிடுகிறது. வேறொரு சிறிய பட்டறைக்குப் போய் ஊதா விளக்கின் கீழ் எடுத்த படத்தைக் காட்டினேன். “கண்டென்ஸர் மட்டும்தானா?” என்று அவர் கேட்டார். இரண்டு மானிகளின் அளவுகளையும் சொன்னேன். தானும் ஒருமுறை அளந்து பார்த்துத் தலையாட்டினார். கண்டென்ஸர், புது வளையங்கள், ஈரம் உறிஞ்சும் வடிகட்டி, வெற்றிடமாக்கி அரை மணி நேரம் அது நிற்கிறதா என்று பார்த்தது, 450 கிராம் நிரப்பியது, எல்லாம் சேர்த்து 470 டாலர். காற்றுவாயிலில் 6 டிகிரி.

எல்லாரும் இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. புதிய கார்களில் பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு வாயு இருக்கிறது. புவி வெப்பமாதலில் அதன் பங்கு மிகச் சொற்பம், விலை பல மடங்கு, லேசாகத் தீப்பற்றக் கூடியது, முனைகளும் வேறு. அதில் ஆர்-134ஏ டின்னைக் கலக்க வழி தேடுபவர்களைப் பற்றிப் படிக்கும்போது நடுக்கமாக இருக்கிறது. பழைய வண்டிக்காரர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: டின்னுக்கு முன்னால் இரவல் மானியைக் கேளுங்கள். பட்டறைக்குப் போகும்போது ‘கேஸ் போடுங்கள்’ என்று சொல்லாமல், ‘எங்கே போயிற்று என்று பாருங்கள்’ என்று சொல்லுங்கள்.

செப்டம்பர் முழுதும் அம்மா வரிசைக்கு வந்தார். குளிர் அதிகமென்று சால்வை கொண்டுவரத் தொடங்கினார். நவம்பரில் ஊர் திரும்பினார். பானட்டின் உட்புறச் சீட்டுக்குப் பக்கத்தில் தேதி, எடை, இரு பக்க அழுத்தம், அன்றைய வெயில் நான்கையும் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் மானியை இரவல் வாங்கி அதன்கீழ் ஒரு வரி சேர்க்கிறேன். இதுவரை எழுதிய வரிகளில் வெயிலின் எண் மட்டும்தான் கணிசமாக மாறியிருக்கிறது. டின்னில் மிஞ்சிய அறுபது கிராம் இன்னும் கார் கொட்டிலில், நிழலான அலமாரியில், வால்வு மூடியபடி இருக்கிறது.